பீங்கானுக்கு மீன் ஆகாது

கற்பிட்டியில் இருந்துகொண்டு மீன் ஆகாது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். மனிதர்கள் சொல்ல மாட்டார்கள். விடிந்தால் மீன், பொழுது சாய்ந்தால் கருவாடு, காற்றடித்தால் இரண்டின் வாடையும் என்று கிடக்கிற ஊர் அது. அந்த ஊரில் அதைத் துணிந்து சொன்னது ஒரு பூனை. வாயால் சொல்லவில்லை, சொறிந்து சொன்னது. ஊருக்கு விளங்கவில்லை. வாயால் சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது என்பது வேறு விஷயம்.

பூனையின் பெயர் பீங்கான். கழுவிக் கவிழ்த்து வைத்த சோற்றுப் பீங்கான் மாதிரி வெள்ளையாக இருந்ததால் உம்மு குல்சூம் வைத்த பெயர். உம்மு குல்சூம், கருவாட்டு முதலாளி அத்தாஉல்லாவின் மனைவி. ஒரே மகள் ஷிஹாராவை மதுரங்குளியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவள் பேசினால் திரும்பிப் பார்ப்பதற்கு இருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். அத்தாஉல்லாவும் இருந்தார். அவர் ஊரோடு பேசுவார், வீட்டோடு உத்தரவு போடுவார்.

அத்தாஉல்லாவுக்குத் தெரியாதது என்று இந்தத் துனியாவில் ஒன்றுமில்லை. படகு எஞ்சின் ஏன் இருமுகிறது, வெங்காயப் பாத்திக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும், டொக்டர்மார் எங்கே பிழை விடுகிறார்கள், வெள்ளைக்காரன் ஏன் ஆலங்குடாவில் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் இழுபடுகிறான், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் எஞ்சினைக் கழற்றியவரும் இல்லை, வெங்காயம் நட்டவரும் இல்லை. முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, சாரத்தை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்வதே அவருடைய தொழில். கருவாட்டுத் தொழிலைக் குல்சூம் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேலிக்குள் கருவாடு போடுகிற வாடி. காலையில் மீன் வந்து இறங்கும்போதே குல்சூம் அங்கே நிற்பாள். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து கட்டா மீனை முதுகால் கீறி, குடலை வழித்து, உப்புத் தொட்டிக்குள் போடுவார்கள். மறுநாள் எடுத்துக் கழுவிப் பரணில் விரிக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் பறந்து வந்து மீனில் ஒட்டும். அதைத் தட்டித் தட்டிப் புரட்ட வேண்டும். வேலியில் ஓட்டை கிடைத்தால் கழுதைகள் உள்ளே வந்துவிடும். அவற்றைத் துரத்த வேண்டும். உப்பு தின்றே குல்சூமின் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. அந்த விரல்களால்தான் பீங்கானின் காதுக்குப் பின்னால் முதல் பொருக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

கடுகளவு பொருக்கு. அடுத்த கிழமை கழுத்தைச் சுற்றி ஒரு மாலை மாதிரி வந்துவிட்டது. பீங்கான் பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறியத் தொடங்கினால் கதிரைக் கால் அதிரும். வயிற்றை நக்கி நக்கி மயிர் போய்த் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கண்ணுக்கு மேலே புண். அது படுத்த இடமெல்லாம் பொருக்கும் இரத்தப் பொட்டும்.

"இந்தச் சனியன் என்ட கதிரைக்குக் கீழ கெடந்து சொறியிது. கத பேச ஏலாம இரிக்கு" என்றார் அத்தாஉல்லா. அவருக்கு நோய் அதுதான், பூனையின் சொறி தன் பேச்சுக்கு இடைஞ்சல்.

எதிரே எஞ்சின் திருத்துகிற றஊப் நின்றான். சொந்தமாக ஒரு படகும், அத்தாஉல்லா எதைச் சொன்னாலும் ஆட்டுவதற்கு ஒரு தலையும் வைத்திருந்தவன். "நாய்க்குச் சொறி வந்தா எரிஞ்ச ஒயில் பூசிறல்லா நானா? என்ட கடையில ஒரு கேன் நெறய இரிக்கு."

"அதத்தான் நானும் நெனச்சிட்டு இரிந்தேன். கொண்டு வா."

குசினி வாசலில் நின்ற குல்சூம் பதறினாள். "இஞ்சாருங்க, பூனை ஒடம்ப நக்குமே. ஒயில் வயித்துக்குள்ள போகாதா?"

"நக்கட்டுமே. உள்ளுக்கும் மருந்துதானே."

றஊப் இதைக் கேட்டு அதிசயித்துப் போனான். இப்படி ஒரு மூளை ஊரில் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று அவன் கேட்காதது ஒன்றுதான் குறை. இருவருமாகப் பூனையைப் பிடித்து, கழுத்திலிருந்து வால்வரை கறுப்பு எண்ணெயைப் பூசினார்கள். வெள்ளைப் பூனை அடுப்புக்கரி மாதிரி நின்றது. பிறகு நக்கியது. பிறகு நுரை நுரையாகக் கக்கிவிட்டு, கிணற்றடியில் போய் எழும்ப மாட்டாமல் படுத்துக்கொண்டது.

அன்றைக்குக் குல்சூம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சட்டி கழுவுகிற சவர்க்காரத்தால் பூனையைத் தேய்த்துக் கழுவி, துவாயில் சுற்றி, வெங்காயக் கூடையில் வைத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு மிருக வைத்தியரிடம் போனாள். அபாயாவும் போட்டுக்கொண்டு மடியில் கூடையோடு ஒரு முதலாளியின் மனைவி பூனைக்கு மருந்தெடுக்கப் போகிறாள் என்ற செய்தி, ஆட்டோ சந்தியைத் தாண்டுவதற்குள் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரில் யாராவது பட்டினி கிடந்தால் அது தெரிவதற்கு மாதக் கணக்காகும்.

மிருக வைத்தியர் தயானி, உடப்பு ஊர்ப் பெண். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுச் சலித்த முகம். கூடையைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"இதுக்கு ஆர் ஒயில் பூசினது?"

"எங்கட ஊட்டுக்காரர்தான் மகள்" என்றாள் குல்சூம், தயானியை மகளாக்கி.

"அவருக்குச் சொறிஞ்சா அவர் பூசுவாரோ?"

அந்தக் கேள்வி குல்சூமுக்கு உள்ளே எங்கேயோ போய் இருந்துகொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தயானி சீப்பால் வாரிப் பார்த்தாள். தெள்ளு கொஞ்சம் இருந்தது. பிடரியில் விடுவதற்குச் சொட்டு மருந்து கொடுத்தாள். ஊசி ஒன்று போட்டாள். பிறகு கழுத்துப் பொருக்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தெள்ளு மட்டுமில்லை அன்ரி. காதும் கழுத்தும் இப்பிடிச் சொறியிறது சாப்பாடு ஒத்துவராட்டியும் வரும். என்ன குடுக்கிறீங்க?"

"மீன்தான். பூனைக்கு வேறென்ன குடுக்கிற?"

"அப்ப மீனை நிப்பாட்டிப் பாப்பம். இது முந்திக் கோழி இறைச்சி திண்டு பழக்கமோ?"

"இல்ல மகள். அதுக்குக் கோழி ஆரு குடுக்கிற?"

"நல்லது. பழகாத இறைச்சிதான் வேணும். கோழியை உப்புப் புளி இல்லாமப் பூசணிக்காயோட அவிச்சுக் குடுங்க. ரெண்டு மாசத்துக்கு வேற ஒண்டும் வாயில படக் கூடாது. சொறி குறைஞ்சா மீன்தான் காரணம் எண்டு தெரியும்."

"பேந்து மீன் குடுக்கலாமா?"

"ஏலாது. இது ஊசியோட போற வருத்தமில்லை அன்ரி. கவனமா இருந்தா இருக்கிற இடம் தெரியாது. கவனம் விட்டா திரும்பி வரும். சாகுமட்டும் வைச்சுச் சமாளிக்க வேணும்."

குல்சூம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அத்தாஉல்லா சிரித்தார். சாய்மனைக் கதிரையின் துணி கிழிந்துவிடும்போல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கடலுக்குப் பக்கத்துல பொறந்ததுக்கு மீன் ஒத்துக்காதா? இதென்ன கத!"

தன் வாயால் ஒரு நல்ல வசனம் விழுந்துவிட்டது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அதை வைத்து அவர் பல நாள் சீவித்தார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டும்போது சொன்னார். இறங்குதுறையில் மீன் பிரிக்கிறவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். கேட்டவர்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தார்கள். குல்சூம் கடைக்குப் போனால், "பீங்கானுக்கு இண்டைக்கிக் கோழி புரியாணியா தாத்தா?" என்பார்கள். தாத்தா என்றால் அங்கே அக்கா. கற்பிட்டியில் பகிடிக்குப் பஞ்சம். ஒன்று கிடைத்தால் எலும்பு தேயும்வரை சப்புவார்கள்.

குல்சூம் கோழியும் பூசணியும் தனிச் சட்டியில் அவித்தாள். பூனையின் நகத்தைக் கவனமாக வெட்டினாள். சொறிந்து புண்ணாக்காமல் இருக்க, அத்தாஉல்லாவின் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து மடித்துத் தைத்துக் கழுத்துக்குப் பட்டி போட்டாள். தன் சாரத்தைப் பூனையின் கழுத்தில் கண்ட அத்தாஉல்லா அன்று இரண்டு நேரம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் சொறி நிற்கவில்லை. மறுபடியும் கூடை, மறுபடியும் ஆட்டோ.

"மீன் குடுத்தீங்களா?" என்றாள் தயானி.

"அல்லா மேல ஆணையா ஒரு செதில் கூடக் குடுக்கல்ல."

"தனிய கோழி மட்டும்தான்?"

"ஓம். கோழி வெறுமையா இரிக்கிறதால மோந்து பாத்துட்டுப் போயிருது. அதுக்காகக் கொஞ்சம் மாசி இடிச்சுத் தூவினேன்."

தயானி கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தாள்.

"மாசி என்னத்தில செய்யிறது அன்ரி?"

"மாசி... மாசிதான்."

"அது மரத்தில காய்க்குதா?"

குல்சூம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "சூரை மீனுல" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஊரில் மீன் என்றால் அன்றைக்குப் படகில் வந்து கண் மினுங்கிக்கொண்டு கிடப்பது. உப்புப் பட்டுக் காய்ந்துவிட்டால் அது மீன் இல்லை, சாமான். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளோடு ஒரே தட்டில் வைக்கிற சாமான். வீட்டில் மூன்று வகைக் கருவாடு பொரித்து மாசிச் சம்பலும் இடித்து வைத்துவிட்டு, "இண்டைக்கி மீன் இல்ல, சும்மா சோறுதான்" என்று மனம் கூசாமல் சொல்கிற சனங்கள். கருவாட்டைச் செய்து விற்று ஊருக்கெல்லாம் அனுப்புகிற பெண்ணுக்கே கருவாடு எதிலிருந்து வருகிறது என்று ஒரு வெளியூர்க்காரி கேட்டுத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

"மாசியும் இல்லை, கருவாடும் இல்லை, மீன் ஆணமும் இல்லை, சட்டி கழுவின தண்ணியும் இல்லை" என்றாள் தயானி. "விளங்கினதா?"

"விளங்கிட்டு மகள்."

மாசி நின்றது. பூனை முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்து முறைத்தது. பிறகு வேறு வழியில்லாமல் கோழியைத் தின்றது. பொருக்குகள் காய்ந்து உதிர்ந்தன. வயிற்றில் பூனை மயிர் பஞ்சு மாதிரி முளைத்தது. பிள்ளைப்பேற்றுக்காக ஷிஹாரா மதுரங்குளியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து இறங்கியபோது பீங்கான் பழைய பீங்கானாக வாசலில் உட்கார்ந்திருந்தது.

"உம்மா, இது வடிவா வந்துட்டே!" என்றாள் அவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து.

குல்சூமுக்கு அழுகை வந்தது. வெளியே தெரியாமல் குசினிக்குள் போய் அழுதாள். அவள் பிடித்த ஒரு காரியம் அந்த வீட்டில் முதல் முதலாக ஜெயித்திருந்தது.

ஜெயிக்க விடுவாரா அவர்? பத்துப் பதினைந்து நாளில் பீங்கானின் கழுத்தில் மறுபடியும் பொருக்கு. கண்ணுக்கு மேலே மறுபடியும் புண். இந்தத் தடவை காதைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தோடு வந்து ஷிஹாராவின் காலடியில் படுத்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"உம்மா, மாமி புள்ளை பாக்க வந்தா என்ன சொல்லுவா? புள்ளைக்குத் தொத்தினா?"

"தொத்தாது மகள். டொக்டர் சொன்னா. இது ஒரு ஒடம்புல இரிந்து மத்த ஒடம்புக்குப் போறதில்ல."

அத்தாஉல்லா முன்விறாந்தையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "டொக்டரும் மண்ணாங்கட்டியும்! கோழி திண்டும் சொறியுதுதானே? மீன் இல்ல காரணம் எண்டு இப்ப விளங்குதா? புள்ளை பொறக்க முந்தி இது ஊட்ட விட்டுப் போகணும். மகளுக்குக் கத்தம் ஓதி விருந்து குடுக்கிறண்டைக்கி றஊப் வாறான். சாக்குல கட்டிக் குடுத்தா தீவுல எறக்கி உட்டுருவான்."

தீவில் விடுவது அங்கே வழக்கம். பூனையைக் கொல்வது பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஊர் கொல்வதில்லை. சாக்கில் கட்டிப் படகில் ஏற்றி, களப்புக்கு அக்கரையில் உள்ள தீவில் இறக்கிவிட்டு, பிஸ்மி சொல்லிச் சாக்கையும் அவிழ்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். அங்கே மீனவர் வாடிகளில் கழித்துப் போடுகிற மீன் தலைகளைத் தின்று பூனைகள் சீவிக்கும் என்பது நம்பிக்கை. தீவில் மீனைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. தோட்டம் இல்லை, கோழி இல்லை, சோறு போடக் குடும்பமும் இல்லை. மீன் ஆகாத பூனையை அங்கே விட்டால் அது தின்றும் சாகும், தின்னாமலும் சாகும். குல்சூமுக்கு அது தெரிந்தது. பாவம் பண்ணாத ஊருக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் விறாந்தையைக் கூட்டும்போது சாய்மனைக் கதிரைக்குக் கீழே விளக்குமாற்று ஈர்க்கு ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாக் கருவாட்டு முள். ஒன்றல்ல, ஒரு பிடி. பழையதும் புதியதுமாக, நக்கித் துடைத்த முள்.

அவள் விளக்குமாறைச் சுவரில் சாத்தினாள்.

"நீங்களா குடுத்த?"

அத்தாஉல்லா மறுக்கவில்லை. மறுப்பதற்கு வெட்கம் வேண்டும். "ஓம், நான்தான். என்னண்டு பாப்பமெண்டு குடுத்தேன். மீன் குடுக்காட்டியும் சொறியும், குடுத்தாலும் சொறியும். அந்தப் பெட்டச்சிக்கு ஒண்டும் தெரியாதெண்டு காட்டத்தான்."

"குடுக்காம இரிந்தப்ப சொறிஞ்சிச்சா? மயிர் மொளச்சித்தானே? குடுத்தாப் பொறகுதானே திரும்பி வந்த!"

"அது காத்துக்கு வந்திரிக்கும். சோளகத்துல மண் பறக்குது."

"இஞ்சாருங்க, ஒங்களுக்கு றால் திண்டா..."

"வாய மூடு!" அவர் கதிரையில் எழும்பி உட்கார்ந்தார். தெருவைப் பார்த்தார், உள்ளே ஷிஹாராவின் அறையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சனம் கேட்டிரும்."

இப்போது சொல்கிறேன். அத்தாஉல்லாவுக்கு இறால் ஆகாது. ஒரு துண்டு வாயில் பட்டால் கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கி, உடம்பெல்லாம் கடித்து அரிக்கும். கல்யாண விருந்தில் சஹன் என்கிற ஒரே தட்டத்தைச் சுற்றி இருந்த ஆறு பேருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தின்றுவிட்டு, புதுமாப்பிள்ளை முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி மணவறைக்கு வந்தார். புதுப்பெண் குல்சூம் விடியும்வரை ஈரத் துணி ஒற்றினாள். களப்போரத்து முதலாளிக்கு இறால் ஆகாது என்று ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் கெஞ்சினார். அவள் வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இறால் ஆக்கியதில்லை. வெளியே விருந்துக்குப் போனால் அவள் பெண்கள் பக்கத்திலிருந்து முந்திக்கொண்டு, "அவருக்கு வாயுக் கோளாறு, றால் வெக்காதீங்க" என்று குரல் கொடுப்பாள். எங்கே எந்தச் சட்டியில் எந்தக் கரண்டி பட்டது என்று பார்த்துப் பார்த்து, அவருக்குத் தனிக் கறி, தனிக் கரண்டி. மகளுக்குக்கூட வாயு என்றுதான் தெரியும். அவர் சொறியாமல் வாழ்ந்தார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு பெண் சாகுமட்டும் கவனம் என்று நின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு ஒரு ஞாயம், அதுக்கு ஒரு ஞாயமா?" என்றாள் குல்சூம்.

"நான் மனிசன். அது பூனை. கடலுக்குப் பக்கத்துல பொறந்த பூனை."

"நீங்க எங்க பொறந்த? மலையிலயா?"

"கத வளக்காத. கத்தத்தண்டைக்கி அது போகும்."

அவள் முள்ளை அவருடைய கதிரைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஷிஹாராவின் சுகப்பிரசவத்துக்காகக் குர்ஆன் கத்தம் ஓதுகிற நாள் வந்தது. காலையிலேயே அத்தாஉல்லா அரிசிச் சாக்கு ஒன்றோடு கிணற்றடிக்குப் போனார். பீங்கான் ஓடவில்லை. பல நாள் கருவாடு தந்த கை என்று நம்பி வந்து காலில் உரசியது. அதைப் பிடித்துச் சாக்குக்குள் போட்டு, வலைக்கு முடிகிற முடிச்சாக இழுத்துக் கட்டி, பப்பாசி மர நிழலில் வைத்தார். உள்ளேயிருந்து அது கத்திய கத்தலில் சமையலுக்கு வந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு வெங்காயம் உரித்தார்கள்.

"கடைசியாக் கேக்கிறேன். அவுத்து உடுவீங்களா மாட்டீங்களா?" என்றாள் குல்சூம்.

"மாட்டேன்."

"சரி."

றஊப் படகிலிருந்து ஒரு வாளி களப்பு இறால் கொண்டு வந்திருந்தான். விருந்து என்றால் அவன் கொண்டு வருவதும், குல்சூம் அதை அயல்வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் வழக்கம். அன்றைக்கு அவள் வாளியை வாங்கி, சமையல் பெண்களுக்கு முன்னால் வைத்தாள். "இதையும் ஆக்குங்க. தேங்காப்பால் விட்டுக் கெட்டியா ஆக்குங்க."

"மொதலாளிக்கு வாயுவல்லா தாத்தா?"

"அவர் வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லுவார். வாய் இரிக்குதுதானே."

பிறகு அவள் பின்னடுப்பில் தன்னுடைய சின்னச் சட்டியை வைத்தாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு ஆண்கள் வந்தார்கள். ஓதி முடித்து, பாயில் வெள்ளைத் துணி விரித்து, சஹன்கள் வந்தன. ஒவ்வொரு தட்டத்தைச் சுற்றியும் ஆறு பேர். நடுவே நெய்ச்சோறு, சோற்றுக்கு மேலே கறி. ஒரே தட்டம், ஆறு கை. இன்னது எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கி வைக்க இடமில்லாத தட்டம். அதிலே நல்ல துண்டைத் தனக்கு எடுக்காமல் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அத்தாஉல்லாவின் சஹனில் அவருக்கு வலப்பக்கம் பள்ளிவாசல் டிரஸ்டி செய்னுலாப்தீன் இருந்தார். காது கொஞ்சம் மந்தம், மரியாதையில் குறைவில்லாதவர். இடப்பக்கம் றஊப்.

செய்னுலாப்தீன் இறால் ஆணத்தைக் கிண்டி, பெருவிரல் மொத்தத்தில் இருந்த இறால் இரண்டைப் பொறுக்கி அத்தாஉல்லாவின் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க மச்சான். களப்பு றால், தேன் மாதிரி."

அத்தாஉல்லா குசினி வாசல் திரையைப் பார்த்தார். இத்தனை வருடமாக அந்தப் பக்கத்திலிருந்துதான் குரல் வரும். இன்றைக்கும் வரும் என்று காத்திருந்தார். திரைக்குப் பின்னால் குல்சூம் நிற்பது அவளுடைய கால்விரலில் தெரிந்தது. குரல் வரவில்லை. கிணற்றடியிலிருந்து பூனையின் குரல்தான் வந்தது.

அவர் இறாலை மெதுவாக செய்னுலாப்தீன் பக்கம் திருப்பித் தள்ளினார். "நீங்க எடுங்க."

"சேச்சே, ஊட்டுக்காரர் தின்னாம நாங்க தின்றதா?" மறுபடியும் தள்ளினார். றஊப் தன் பங்குக்கு இன்னும் மூன்றைச் சேர்த்தான். அத்தாஉல்லாவின் பக்கம் சோறு மறைந்து இறாலாகக் குவிந்தது. ஆணம் அவர் விரலை நோக்கி ஓடி வந்தது. அவர் கையைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன நானா, கை நிக்கிது?" என்றான் றஊப். "நான் கொண்டு வந்த றால் பிடிக்கலயா?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர் ஒரு பதிலைத் தேடினார். மறுபடியும் திரையைப் பார்த்தார். கால்விரல் அசையவில்லை.

"எனக்கு... றால் ஒத்துக்காது."

"என்ன?" என்றார் காது மந்தமான செய்னுலாப்தீன்.

"ஒத்துக்காது."

"வாயுவா?"

"வாயு இல்ல." இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மற்றச் சஹன்களில் இருந்தவர்களும் திரும்பினார்கள். "ஒடம்பெல்லாம் கடிக்கும். மொகம் வீங்கும். சின்ன வயசுல இரிந்தே."

செய்னுலாப்தீன், எந்த வஞ்சமும் இல்லாமல், பள்ளிவாசல் படியில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்துபோனதை அப்படியே சொன்னார்.

"கடலுக்குப் பக்கத்துல பொறந்ததுக்கு றால் ஒத்துக்காதா? இதென்ன கத!"

சபை வெடித்தது. சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறிச் சோறு பறந்தது. இவ்வளவு காலமும் அவருக்குத் தலையாட்டிய றஊப்தான் எல்லாரிலும் உரக்கச் சிரித்தான்.

"அப்ப ஒங்களையும் தீவுல எறக்கி உடவா நானா? படகு வெளிக்கிடத்தானே போகுது!"

சஹனில் இருந்து ஆறு பேரும் தின்று முடியாமல் ஒருவர் எழும்புவது மரியாதை இல்லை. அத்தாஉல்லா எழும்பினார். கையைக் கழுவாமலே திரையை விலக்கிக்கொண்டு குசினியைக் கடந்து கிணற்றடிக்குப் போனார். சாக்கின் முடிச்சு அவர் போட்ட முடிச்சு. பூனை இழுத்த இழுப்பில் இறுகிப் போயிருந்தது. நகத்தால் கிண்டினார், வரவில்லை. பெருநாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு மண்ணில் முழங்காலைக் குத்தி, குனிந்து, பல்லால் கடித்து இழுத்தார். ஜன்னலில் நின்று பார்த்த ஷிஹாரா, "வாப்பா என்ன செய்யிறார் உம்மா?" என்று கேட்டாள். உம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பாவம் என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. பீங்கான் வெளியே பாய்ந்து, அவருடைய மணிக்கட்டில் நாலு கோடு கிழித்துவிட்டு, நேரே குசினிக்குள் ஓடியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலே வந்தார். முன்பக்கத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போக முடியாது. குசினியில் பலகை ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்தார்.

குல்சூம் பின்னடுப்புச் சட்டியை இறக்கினாள். ஒரு பீங்கானில் கொஞ்சம் கோழியும் பூசணியும் வைத்துச் சுவரோரம் பூனைக்குப் போட்டாள். இன்னொரு பீங்கானில் சோற்றைப் போட்டு, அதே சட்டியிலிருந்து கோழியையும் பூசணியையும் அள்ளி வைத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் தன் தட்டையும் பார்த்தார், சுவரோரத்தையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டா?"

"ஓம். ஒரே சட்டிதான்" என்றாள் குல்சூம். "ஒங்களுக்கு மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டிரிக்கேன்."